ஏழரை இஞ்சு

கரண்ட் வந்ததும் அடுத்து எங்கள் மரம்தான். வரட்டும் என்றும் இருக்கிறது, வராமல் கிடக்கட்டும் என்றும் இருக்கிறது, ஏனென்றால் சொல்லவேண்டிய எண் இன்னும் என் வாயில் வரவில்லை. மில்லுக்குள் யாரோ 'ஸ்டாச்சு' சொன்ன மாதிரி எல்லாம் அப்படியே நிற்கிறது. தரையில் ரெண்டு தண்டவாளக் கம்பி, அதன்மேல் தள்ளுவண்டி, வண்டிமேல் எங்கள் வேப்பந்தடி, தடிக்கு எதிரே ஆள் உயரச் சக்கரத்தில் மாட்டின வாள். கிட்டப் போய்ப் பார்த்தேன். ஓடாதபோது அது வெறும் இரும்புப் பட்டை, ஓரத்தில் பல், அவ்வளவுதான். இதா இத்தனை சத்தம் போடுகிறது? ஒரு பல்லைத் தொட விரலை நீட்டினேன். "ஏ பிள்ள, கரண்டு எப்ப வரும்னு லைன்மேனுக்கே தெரியாது, கைய எடு" என்றார் சுடலைமணி அண்ணாச்சி. மில் அவருடையது, அறுப்பதும் அவரேதான். மரத்தூள் மூட்டைமேல் சாய்ந்து துண்டால் விசிறிக்கொண்டிருக்கிறார். "கைய நீட்டுற நேரத்துக்கு அளவ யோசிச்சு வையி. சீட்டுல எழுதித் தந்தா வாங்க மாட்டேன், உன் வாயால மூணு தரம் சொல்லணும். பொறவு வந்து 'நான் அப்படியா சொன்னேன்'னு நிக்கப்படாது பாத்துக்க." மூணு தரம் சொல்ல இது என்ன ஏலமா என்று கேட்டேன். "கல்யாணம்னு வையி" என்றார். என் அக்கா எமீமா கல்யாணத்தில் சர்ச் ஐயர் கேட்டதற்கு அவள் ஒரே தரம்தான் சம்மதம் சொன்னாள், அதுவும் மைக்கில் விழவில்லை. ஆனாலும் செல்லுபடியாகிவிட்டது. மரத்துக்கு மூணு தரம் கேட்கிறார்கள், மனுஷிக்கு ஒரு தரம். இதை யாரிடம் கேட்பது?

கணக்கைத் திரும்பவும் போடுகிறேன். புது வீட்டு வெளிச்சுவர் ஆறிஞ்சுக் கல். பேர்தான் ஆறிஞ்சு என்று நினைத்து டேப் எடுத்துப் போய் நாலு இடத்தில் அளந்தேன், பரவாயில்லை, பேருக்கு உண்மையாகவே இருந்தது. உள்பக்கம் பூச்சு அரை இஞ்சு. வெளிப்பக்கம் மழை அடிக்கிற இடம், முக்கால். ஆறும் அரையும் முக்காலும் ஏழே கால். அதுதான் முழுச் சுவரின் கனம், அதுதான் வாசல் நிலைக்காலின் அகலமாகவும் இருக்கவேண்டும். அப்போதுதான் மரமும் பூச்சும் ரெண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் வந்து சேரும், கையால் தடவினால் எங்கே சுவர் முடிந்தது எங்கே மரம் தொடங்கியது என்று தட்டக்கூடாது. அப்புறம் இழைப்பு. அறுத்த மரம் சொரசொரவென்று இருக்கும், ஆசாரி இழைக்கும்போது இந்தப் பக்கம் அரைக்கால் போகும், அந்தப் பக்கம் அரைக்கால் போகும். ரெண்டு அரைக்கால் ஒரு கால். ஆக மில்லில் அறுக்கவேண்டியது ஏழே காலும் இன்னொரு காலும். அதாவது. அந்த அதாவதில்தான் வந்து நிற்கிறேன். பதினொண்ணாம் வகுப்போடு நான் நின்றுவிட்டேன், பரீட்சையில் தோற்று இல்லை, சும்மாதான் நின்றேன். டீச்சர் கேட்டால் நான் பதில் சொல்லவேண்டும், நான் கேட்டால் வெளியே நிற்கவேண்டும், இந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் கணக்கு தப்பாக இருந்தால் சொல்ல ஆள் இல்லை. ஆறும் அரையும் ஆறரை. ஆறரையும் முக்காலும் ஏழே கால். சரிதான். ஏழே காலும் காலும். சரிதான், சரிதான், அதுதான் கஷ்டமே.

ஏழரை. மனசுக்குள் சொன்னால் ஒன்றும் ஆகவில்லை. கூரைத் தகரம் விழவில்லை. கொம்பையா ஆசாரியிடம் நேற்று இதைச் சொன்னபோது அவர் உளியைக் கீழே வைத்துவிட்டார். "ஏழு போடு. இல்லியா, எட்டு போடு. நடுவுல உள்ளத வாசலுக்குச் சொல்லப்படாது." நடுவில் உள்ளது என்றால் எது என்று கேட்டேன். "அதான்." எதான்? "ஏழும் பாதியும்." ஏழரையா? "ஏட்டி, வாயக் கழுவு!" சனி பிடித்தால் ஏழரை வருஷமாம், அதனால் வம்பு பண்ணுகிறவனுக்கும் ஏழரை என்றே பேராம், அந்த அளவில் நிலை வைத்தால் வாசலிலேயே அதைக் குடிவைத்த மாதிரியாம். அவர் அப்படிச் சொல்வதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை, அவர் நல்ல நேரம் பார்க்கிறவர், உளிக்குக் குங்குமம் வைக்கிறவர். அம்மா? ஞாயிறு தவறாமல் சர்ச்சில் இரண்டாவது பெஞ்சில் உட்காருகிற அம்மா? "நாம சனியெல்லாம் நம்புறவங்க இல்ல கெத்சியா. ஆனா நம்பாதத எதுக்குட்டி வாசல்ல வைக்கணும்?" இந்தப் பதிலை நான் ராத்திரியெல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியவில்லை, வழுக்குகிறது. ஏழரை மணி பஸ்ஸில்தானே அம்மா தினமும் சத்துணவுச் சமையலுக்குப் போகிறாள்? அந்த பஸ்ஸை யாராவது ஏழும் பாதியும் மணி பஸ் என்று சொல்கிறார்களா? எமீமாவுக்கு நகை சேர்த்தபோதும் ஏழரைப் பவுன்தான் சேர்ந்தது. வாயால் சொல்ல நன்றாக இல்லை என்று பெரியம்மாவின் மோதிரம் ஒன்றை வாங்கிப் போட்டு எட்டாக்கினார்கள். எட்டுப் பவுன் போட்டும் வந்தவன் என்னவோ ஏழரையாகத்தான் வந்தான்.

அவன் பேர் செல்வின். அத்தான் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன், இப்போது மனசுக்குள் எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் அந்த ஆள், அந்த ஆள் என்று போய்க்கொண்டிருக்கிறது. எமீமா அவனிடமிருந்து வந்துவிட்ட பிறகு ஒரு சாயங்காலம் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்தான். நாங்கள் உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தோம். முதலில் தட்டினான், அப்புறம் பேர் சொல்லிக் கூப்பிட்டான், அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, போய்விட்டான் என்று அம்மா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், அப்போதுதான் உதைத்தான். ஒரே உதை. எனக்கு இன்றுவரைக்கும் புரியாதது, அவன் உதைத்தது கதவை, ஆனால் கதவுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. தாழ்ப்பாளும் வளையவில்லை. தாழ்ப்பாள் போய் நுழைகிற ஓட்டை இருக்கிறதே, நிலைக்காலில், அந்த இடம்தான் மேலும் கீழுமாகப் பிளந்து, மரம் பஞ்சு மாதிரி வெளுத்து, உள்ளே செல் அரித்த மண்ணோடு கொட்டியது. நிலைக்கும் சுவருக்கும் மட்டம் சேராமல் கட்டை விரல் போகிற இடைவெளி, அதை மறைக்க அப்பியிருந்த சிமெண்ட் தட்டுத் தட்டாக விழுந்தது. அவன் உள்ளே வந்தான். அடிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தண்ணீர் கேட்டான். அம்மா கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு, "கதவ நல்லதா போடச் சொல்லுங்கத்தை, திருடன் வந்தா என்ன செய்வீய?" என்று சிரித்தான். எமீமா சமையல்கட்டு மூலையில் குக்கருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள், குக்கர் அவளை மறைக்கும் என்று நினைத்தாளோ என்னவோ. அவன் போனபிறகு எல்லோரும் எமீமாவைச் சுற்றி நின்றார்கள். நான் மட்டும் நிலைக்குப் பக்கத்தில் போய் நின்று அந்தப் பிளவுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். கல்நெஞ்சுக்காரி என்று பக்கத்து வீட்டக்கா சொன்னாள். எனக்கு அழுகை வரவில்லை, எப்படி உடைந்தது என்றுதான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. எப்படி என்று தெரிந்தால் அடுத்த தரம் உடையாமல் பண்ணலாம் இல்லையா? அழுதால் அது தெரியுமா?

அதிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் நான் கதவைப் பார்ப்பதில்லை, நிலையைத்தான் பார்க்கிறேன். எல்லோரும் கதவுக்கு மயில் செதுக்குகிறார்கள், அன்னம் செதுக்குகிறார்கள், பித்தளைக் குமிழ் அடிக்கிறார்கள். கதவு ஆடுகிற சாமான், அதைப் பிடித்து நிற்பது நிலை, அதனால்தான் அதற்கு நிலை என்றே பேர் போலிருக்கிறது. யார் வைத்த பேர்? வைத்தவளுக்கும் ஒருத்தன் வந்து உதைத்திருப்பானோ? ஒரு வீட்டில் நிலை சுவரை விட அரை இஞ்சு உள்ளே போய், பூச்சு உதடு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு இருந்தது. நகத்தால் சுரண்டினேன், பொலபொலவென்று உதிர்ந்தது, அந்த வீட்டம்மா என் கையில் கொடுத்த காப்பியைத் திரும்ப வாங்காத குறை. ஏழு என்று அறுத்தால் எங்களுக்கும் அதுதான். இழைத்தபிறகு ஆறே முக்கால், சுவர் ஏழே கால், அரை இஞ்சு உதடு, கொஞ்ச நாளில் விரிசல், விரிசலுக்குள் ஒரு கம்பியை விட்டு நெம்பினால். நெம்புவானா? அவன் நெம்புகிற ரகமில்லை, உதைக்கிற ரகம். ஆனால் மனுஷன் ஒரே ரகமாகவா இருப்பான்.

அப்படியானால் எட்டு. எட்டுக்கு என்ன குறை? எழுந்து போய்த் தடியின் வெட்டுமுகத்தைத் திரும்பவும் பார்க்கிறேன். இது எங்கள் மனையில் நின்ற மரம், வீடு கட்டத் தறித்தது, தறித்துப் பல மாசம் நிழலில் கிடந்து காய்ந்தது. நடுவில் செம்பழுப்பாக ஒரு வட்டம். வட்டம் என்று சொல்லக்கூடாது, ஒரு பக்கமாகச் சரிந்த அவரைக்கொட்டை. அதைச் சுற்றி வெளுப்பு. நடுவில் இருப்பது வைரம், சுற்றி இருப்பது வெள்ளை. வைரத்தைக் கரையான் சீண்டாது, வெள்ளையை விடாது. மரத்துக்கு உள்ளே வைரம் என்று ஒன்று இருப்பதே இந்த வீடு தொடங்கினபிறகுதான் எனக்குத் தெரியும், பள்ளிக்கூடத்தில் வேர், தண்டு, இலை என்று வெளியிலேயே சுற்றிவிட்டு அனுப்பிவிட்டார்கள். மரம் சின்னதாக இருக்கும்போதும் வைரம் இருக்குமா, இல்லை வயசாக ஆகத்தான் கெட்டிப்படுமா? வெள்ளைதான் வைரமாக மாறுமா? மாறும் என்றால் எதைப் பட்டு மாறும்? டேப்பைக் குறுக்கே பிடித்தேன். நடுப்பலகையில் வைரம் ஏழரையும் ஒரு நூல் கூடவும் இருக்கிறது. அதோடு சரி. எட்டு என்று அறுத்தால் ஒரு ஓரத்தில் அரை இஞ்சுக்குக் கிட்ட வெள்ளை வரும். அந்த ஓரத்தை உள்பக்கம் திருப்பினால் தாழ்ப்பாள் ஓட்டை நேராக வெள்ளையில் விழும், பழைய வீட்டில் விழுந்த மாதிரியே. வெளிப்பக்கம் திருப்பினால் மழை. "எட்டுன்னு சொல்லி அறுத்துட்டு வா, அரை இஞ்ச நான் இழைச்சு எடுத்துருதேன்" என்கிறார் ஆசாரி. எடுப்பாரா? நாளைக்குக் காலையில் நிலை வைக்கிறோம், ஐயர் ஜெபத்துக்கு வருகிறார், ஐயர் குடையும் புஸ்தகமுமாக வெயிலில் நிற்கும்போது யார் உட்கார்ந்து அரை இஞ்சு இழைப்பார்கள்? 'பூச்சுல மறைஞ்சிரும்' என்பார். இந்த ஊரில் எல்லாமே பூச்சில்தான் மறைகிறது. சுவர் கோணினால் பூச்சு. கல்யாணம் கோணினால் 'குடும்பம்னா அப்படி இப்படித்தான் இருக்கும்', அதுவும் பூச்சு, அரை இஞ்சு கனம்.

"முடிவாச்சா பிள்ள?" என்றார் அண்ணாச்சி. வைரம் எவ்வளவு இருக்கிறது, நீங்களே பாருங்கள் என்று டேப்பை நீட்டினேன். எழுந்து வந்து குனிந்து பார்த்தார், டேப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தாடையைச் சொறிந்தார். "ஆமா, ஏழும்…" என்று நிறுத்திவிட்டு, "ஆமா" என்றார். அப்போ அதையே அறுக்கவேண்டியதுதானே? "அறுக்கதுக்கு எனக்கென்ன, வாளுக்கு எல்லா நம்பரும் ஒண்ணுதான். ஆனா சொல்லுறது நீயில்லா? வீட்டுல கேட்டுக்க. நாளைக்கு உங்க வீட்டுல ஒண்ணுன்னா 'சுடலைமணி மில்லுல அறுத்ததாக்கும்'னு எம் பேருதான் வரும்." ஒன்று என்றால் என்ன ஒன்று? அவர் துண்டை உதறிக்கொண்டு மூட்டைக்குத் திரும்பிப் போய்விட்டார். அந்த ஒன்று என்ன என்று கேட்டால் மட்டும் யாரும் பதில் சொல்லமாட்டார்கள். அதனால்தான் அது இத்தனை பெரிசாக இருக்கிறதா? எனக்குள்ளும் அது இருக்கிறது, பொய் சொல்லக்கூடாது. நான் ஏழரை என்று சொல்லி, நிலை வைத்து, அப்புறம் எமீமாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் எல்லோரும் அவனை விட்டுவிட்டு என்னைப் பார்ப்பார்கள். அன்றைக்கு இந்தப் பிள்ளை வாயை வைத்தாள் என்பார்கள். உதைத்த கால் மறந்துபோகும், சொன்ன வாய் ஞாபகமிருக்கும். மில்லிமீட்டரில் சொல்லிவிடலாமா? நூற்றித் தொண்ணூறு சொச்சம் வரும், எவனுக்கும் தெரியாது. சனிக்கு மில்லிமீட்டர் தெரியுமா? தெரியாது என்றால் அது என்ன சனி! சிரிப்பு வந்தது. உடனே போயும்விட்டது, ஏனென்றால் ஒளித்துச் சொன்னால் நானும் பூச்சுத்தான் பூசுகிறேன்.

அம்மாவுக்குப் போன் அடித்தேன். புது வீட்டில்தான் இருந்தாள், சுவரில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. "என்னட்டி, அறுத்தாச்சா?" இல்லை, கரண்ட் இல்லை. வைரம் ஏழரைதான் இருக்கிறது, சுவருக்கும் ஏழரைதான் வேண்டும், நான் ஏழரை என்று சொல்லப்போகிறேன். வாளியைத் தரையில் வைக்கிற சத்தம். "கெத்சியா, ஐயர் வார நேரத்துல எனக்கு நெஞ்சடைப்பு குடுக்காத. ஏழுன்னு சொல்லு, முடிஞ்சு போச்சு." ஏழு என்றால் பூச்சு உதிரும். "உதுந்தா பூசிக்கிடலாம்." எட்டு என்றால் தாழ்ப்பாள் வெள்ளையில் வரும். "வெள்ளையோ கறுப்போ, நீ என்ன இஞ்சினீயரா? பள்ளியோடத்துக்குப் போன்னா போவமாட்ட, மரக்கடைல போய் நின்னுக்கிட்டு…" அம்மா, அன்றைக்கு நீ அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாயே, அது எதுக்கு என்று கேட்டுவிட்டேன். கேட்கவேண்டும் என்று நினைத்துக் கேட்கவில்லை, நாக்கில் ரொம்ப நாளாகக் கிடந்தது, வழி கிடைத்ததும் ஓடிவிட்டது. குழாயை அடைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் அம்மா வேற குரலில் சொன்னாள், "குடிச்சா போயிருவான்னு நெனச்சேன்." அதுவும் ஒரு கணக்குத்தான். எனக்கு அது தோன்றவே இல்லை. தப்பான கணக்கா, சரியான கணக்கா? குடித்ததும் போனான், இல்லையா?

போன் கைமாறியது. எமீமாவின் மூச்சு தெரியும் எனக்கு, பேசுவதற்கு முன்னால் ஒரு தரம் நின்று வரும். வந்த நாளிலிருந்து அவள் பேச்சு வாங்கித் தா, வேண்டாம், படுக்கிறேன், இந்த அளவில்தான். "உள்தாழ்ப்பா எந்த எடத்துல வரும்?" என்று கேட்டாள். ஆசாரி கேட்கவில்லை, அம்மா கேட்கவில்லை, அண்ணாச்சி கேட்கவில்லை, இதைக் கேட்க இவள் ஒருத்திதான். நெஞ்சு உயரத்தில், உள் ஓரத்தை ஒட்டி என்றேன். "அந்த எடம் வைரத்துல வருமா?" வரும். "எத்தனைல அறுத்தா வரும்?" ஏழரையில். பின்னால் அம்மா, "நீயுமாட்டி?" என்று சொல்வது கேட்டது. அப்புறம் ஒரு சத்தம், இருமலா என்று நினைத்தேன், இருமல் இல்லை, மூக்கு வழியாக வருகிற அவளுடைய பழைய சிரிப்பு, எவ்வளவு நாளாகக் கேட்காதது. "இத்தன காலமா ஏழரைய உள்ள வச்சில்லா குடும்பம் நடத்தினேன். இப்ப வாசல்லதான நிக்கப்போவுது? நிக்கட்டும், காவலுக்கு. சொல்லு நீ." வைத்துவிட்டாள்.

இதை நான் ஏன் யோசிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே குண்டு பல்பு எரிந்தது. சக்கரம் ஒரு தரம் முனகியது, அப்புறம் மெதுவாக, அப்புறம் பல் ஒன்றும் தனியாகத் தெரியாமல், இரும்புப் பட்டை வெறும் பளபளப்பாக ஆகிவிட்டது. அண்ணாச்சி துண்டைத் தலையில் கட்டி வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார். "சொல்லு பிள்ள. ஏழா, எட்டா?" ஏழரை என்றேன். அவர் கழுத்தில் கிடந்த கயிற்றைத் தொட்டுக்கொண்டார், தொட்டதை நான் பார்த்ததையும் பார்த்துவிட்டார். "இன்னொரு தரம்." ஏழரை. இந்தத் தரம் அது எனக்கே வெறும் எண்ணாகத்தான் கேட்டது, பஸ் வருகிற நேரம் மாதிரி. வண்டியைத் தள்ளிவிட்டார். மூணாவது தரம் சொன்னபோது வாள் மரத்தில் இறங்கிவிட்டது, என் குரல் எனக்குக் கேட்கவில்லை. அவர் என் வாயைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வேம்பின் கசப்பு காற்றில் ஏறி நாக்கில் வந்து உட்கார்ந்தது. தூள் முதலில் வெளுப்பாகப் பறந்தது, அப்புறம் வெளுப்பும் சிவப்புமாக, அப்புறம் வண்டி போய்ப் போய்த் திரும்பத் திரும்பச் சிவப்பு மட்டும். பலகை சரிந்து விழுந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். சூடாக இருந்தது. ஒரு ஓரத்தை முழுசாகத் தடவிக்கொண்டு போனேன், திரும்பி மறு ஓரத்தை, வெள்ளை எங்கேயும் இல்லை. நிற்க வைத்துப் பிடியுங்கள் என்றேன். "எதுக்கு?" பிடியுங்கள் அண்ணாச்சி. பிடித்தார். என் நெஞ்சுக்கு நேராக, ஓரத்தை ஒட்டி, அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து எனக்கு இருக்கிற பலத்தையெல்லாம் கொடுத்து அழுத்தினேன். விரல்தான் வலித்தது.